சின்ன ஊரில் முதல் விழா: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

விழாவுக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணி இருக்கும். கம்பத்தில் சாய்த்த ஏணியின் மேல்படியில் நின்று ஒருவர் விளக்குச் சரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே இன்னொருவர் ஏணியின் இரண்டு கால்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "இடது பக்கம் தொங்குது பாருங்க" என்றார். இருவரும் ஒரே தெருக்காரர்கள். ஒரு மதில் சுவர் விஷயமாக நாலு வருடமாகப் பேச்சு இல்லை. அன்றைக்கு ஏணியைப் பிடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்து இறங்கியவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மற்றவர் வாங்கிக் குடித்தார்.

நான் முதன்முதலாக விழாக் குழுவில் சேர்ந்த வருடம் பார்த்தது இது. மறுநாள் மேடையில் என்னென்ன நடந்தது என்பது பாதி மறந்துவிட்டது. அந்த ஏணி மறக்கவில்லை. பண்டிகைக் கொண்டாட்டம் ஊரை ஒன்றுசேர்க்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த இடத்தில் சேர்க்கிறது என்று கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் விழா தொடங்கும் முன்பே, ஏணியடியிலும் நாற்காலி அடுக்கும் இடத்திலும் அது நடந்துவிடுகிறது. அதனால் முதல்முறையாக ஊர் விழாவைக் கையில் எடுக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போவது எல்லாம் ஒன்றைச் சுற்றியே வரும்: எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேருக்கு வேலை இருந்தது என்று எண்ணுங்கள்.

முதல் படி: கேட்டுவிட்டு வாருங்கள்

குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் கூட்டம் போட வேண்டாம். கூட்டத்தில் எப்போதும் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடங்கள். முப்பது வீடு போதும். தெருவுக்கு இரண்டு மூன்று வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தெரிந்த வீடாகவே பார்த்துப் போய்விட்டால் பயன் இல்லை.

மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊரில் முன்பு என்ன விழா நடந்தது? அது ஏன் நின்றது? உங்களுக்கு என்ன வேலை நன்றாக வரும்?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை விரிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றுபோன விழாவைத் தோண்டிப் பார்த்தால் அநேகமாகக் கணக்குத் தகராறு இருக்கும், அல்லது மரியாதைத் தகராறு இருக்கும். யாரையோ மேடைக்கு அழைக்க மறந்திருப்பார்கள். யாரோ கொடுத்த பணத்துக்கு ரசீது தராமல் விட்டிருப்பார்கள். பழைய புண் எங்கே என்று தெரியாமல் கை வைத்தால் உங்கள் விழாவும் அதே இடத்தில் நின்றுவிடும்.

மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். "எனக்கு என்ன தெரியும், கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்" என்று ஒருவர் சொல்வார். சரி, அறிவிப்புப் பலகை எழுத ஆள் கிடைத்தாயிற்று. இப்படி முப்பது வீடு முடியும்போது உங்கள் நோட்டில் ஒரு குழு ஏறக்குறைய தயாராக இருக்கும், அவர்களுக்கே தெரியாமல்.

நீங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவராக இருந்து, அங்கே ஏற்கெனவே ஒரு விழா நடந்துவந்தால், தயவுசெய்து முதல் வருடம் யோசனை எதுவும் சொல்லாதீர்கள். போய் வேலை கேளுங்கள். நாற்காலி எடுத்துப் போடுகிற வேலை கிடைத்தால் ரொம்ப நல்லது. நாற்காலி போடுகிறவரிடம் ஊரில் எல்லோரும் ஒரு வார்த்தையாவது பேசுவார்கள். இரண்டாம் வருடம் உங்கள் யோசனையை அவர்களே கேட்பார்கள்.

இரண்டாம் படி: எல்லோரும் சேர்ந்து செய்ய ஒரே ஒரு காரியம்

முதல் விழாவிலேயே பத்து நிகழ்ச்சி வைக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்கிற ஒரு காரியத்தை நடுவில் வையுங்கள். குறித்த நிமிடத்தில் ஊர் முழுக்க விளக்கேற்றலாம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சேர்ந்து நடக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பாடலாம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரட்டும்.

அந்த நடுக் காரியத்தில் யார் நிற்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தவறிப்போகிறார்கள். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்று ஒரு கிராமம். சுமார் 600 பேர் வாழ்கிற ஊர். அங்கே ஒவ்வொரு வருடமும் ஜூன் 23 இரவு தீமிதி நடக்கிறது. பலர் தங்களுக்கு வேண்டிய ஒருவரை முதுகில் சுமந்துகொண்டே தணலில் நடப்பார்கள். மானுடவியலாளர் திமித்ரிஸ் சிகலாதாஸும் அவர் குழுவினரும் மிதிப்பவர்கள், பார்ப்பவர்கள் என்று மொத்தம் 38 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மிதிப்பவரின் துடிப்பு எப்படி ஏறி இறங்கியதோ, அதே போக்கில் ஓரமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களின், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருந்தது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. அவர்களும் அதே நெருப்பைத்தான் பார்த்தார்கள். ஆனால் நெருப்பில் நடந்தவர் அவர்களுக்கு யாரோ.

சிகலாதாஸ் குழு மொரிஷியஸில் தைப்பூசத்தன்று செய்த இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது. காவடி ஊர்வலம் முடிந்து வந்தவர்கள், அமைதியான கூட்டுப் பிரார்த்தனையில் கலந்துகொண்டவர்களைவிட அதிகமாகக் கோயிலுக்கு நன்கொடை கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் மட்டுமில்லை, கூடவே நடந்துபோனவர்களும் கொஞ்சமும் குறையாமல் கொடுத்திருக்கிறார்கள்.

எனவே நடுவில் நிற்பவர் ஊர்க்காரராக இருக்கட்டும். வெளியிலிருந்து ஒரு பெரிய கலைக்குழுவைப் பணம் கொடுத்து அழைத்தால் ஊர் கைதட்டும். தினமும் பார்க்கிற தபால்காரர் மேடையேறி, குரல் நடுங்க நாலு வரி பாடினால், அவர் மூன்றாவது வரியில் திணறும்போது மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சுருதி விலகினால் விலகட்டும். முதல் வருடம் முழுக்க உள்ளூர் ஆட்களை நம்புங்கள்.

மூன்றாம் படி: வேலையைப் பொடிப்பொடியாக உடையுங்கள்

ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோம். ஆனால் வடம் பிடிக்கும் கை கூடக் கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைகிறது என்று மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவைத்து அளந்தே காட்டினார். 1913இல் வெளிவந்த அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியே இழுத்தால் சேரக்கூடிய பலத்தில் சுமார் பாதிதான் வந்தது. ஆட்கள் ஒரே நொடியில் சேர்ந்து இழுக்காதது ஒரு காரணம். மற்றவர் இழுத்துக்கொள்வார் என்ற நினைப்பு இன்னொரு காரணம்.

விழா வேலையிலும் இதுவே நடக்கும். "யாராவது பார்த்துக்கங்க" என்று விட்ட வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் சேர்ந்த முதல் வருடம் மின் இணைப்புக்கான நீள வயரை "நம்ம பசங்க கொண்டுவருவாங்க" என்று விட்டுவிட்டோம். விழா அன்று மாலை ஆறு மணிக்குத்தான் அது எங்கேயும் இல்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், எழுதும் பழக்கம் வந்தது. கூட ஒரு துணை இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

எவ்வளவு சின்னதாக உடைப்பது? என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும். வடக்கு முனைக் கம்பத்தில் விளக்கு கட்டுவது, ஒரு வரி. ஏணி வாங்கி வருவது, தனி வரி. ஏணியைப் பிடித்துக்கொள்வது, தனி வரி. ஏணியைத் திருப்பிக் கொடுப்பது, அதுவும் தனி வரி. கடைசி வரிக்குத்தான் ஆள் கட்டாயம் வேண்டும். திரும்பி வராத ஏணியால் அடுத்த வருடம் ஒரு வீட்டின் உதவி போய்விடும்.

கேட்கும் விதமும் முக்கியம். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்றால் "பார்க்கலாம்" என்பார்கள். "சனிக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஐந்துவரை வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வழிகாட்ட முடியுமா?" என்றால் முடியும், அல்லது முடியாது என்று பதில் வரும். நேரில் போய்க் கேளுங்கள். வாட்ஸாப் குழு நினைவூட்டுவதற்கு நல்லது. வேலை கேட்பதற்கு உதவாது. நூறு பேர் படித்துவிட்டு, நூறு பேரும் மற்ற தொண்ணூற்றொன்பது பேரில் ஒருவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள்.

திறமை எதுவும் தேவைப்படாத வேலைகள் நிறைய இருக்க வேண்டும். ஸ்பெயினின் காத்தலோனியா பகுதியில் ஊர்த் திருவிழாக்களில் மனிதக் கோபுரம் கட்டுவார்கள். கஸ்தெல் என்று பெயர். 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வேடிக்கை பார்ப்பவர்களின் கண் உச்சியில் ஏறிக் கையை உயர்த்தும் குழந்தை மேலேயே இருக்கும். கொஞ்சம் கீழே பாருங்கள். தரையில் ஒரு பெருங்கூட்டம், முன்னால் இருப்பவரின் முதுகில் மார்பு அழுந்த, கைகளை நீட்டி நெருக்கிக்கொண்டு நிற்கும். பின்யா என்பார்கள் அதை. கோபுரத்தின் அடிப்பகுதியைத் தாங்கிப் பிடிப்பதும், மேலிருந்து யாராவது விழுந்தால் ஏந்திக்கொள்வதும் அந்தக் கூட்டம்தான். ஏற முடியாத முதியவருக்கும், குழுவில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் அங்கே இடம் உண்டு. உங்கள் விழாவுக்கும் ஒரு பின்யா வேண்டும். தண்ணீர் எடுத்துத் தருவது, செருப்பு பார்த்துக்கொள்வது, வழிமறந்த குழந்தையோடு உட்கார்ந்திருப்பது என்று எல்லாமே அதில் சேரும். எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒரு வேலை எழுதுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சீட்டு கிழித்துக் கொடுக்கலாமே.

துணைக்கு ஆள் போடும்போது வேறு தெருவிலிருந்து போடுங்கள். நண்பர்களை நண்பர்களோடு சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஊரில் புதிதாக எந்த அறிமுகமும் நடந்திருக்காது. அதே சமயம், சண்டைக்காரர்களைச் சமாதானப்படுத்தப் போகிறேன் என்று திட்டம் போட்டு ஜோடி சேர்க்க வேண்டாம். அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், இருவருமே வர மாட்டார்கள். அன்றைக்கு அந்த ஏணியடியை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

நான்காம் படி: பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள்

பெயர்கள் நிரம்பியதும் நோட்டை எடுத்துவைத்து ஒரு மணி நேரம் இதற்கென்றே உட்காருங்கள். ஒரு தெரு முழுக்க விட்டுப்போயிருக்கிறதா? பெண்களின் பெயர் ஒரே வகை வேலையில் மட்டும் இருக்கிறதா? வாடகை வீட்டுக்காரர்கள், வெளியிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள், இரவுப் பணிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களா?

பழைய விழாக்களுக்கும் இது எளிதாக வந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் லெர்விக் என்ற சிறு நகரம். ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை இரவு அங்கே அப் ஹெல்லி ஆ என்ற தீப்பந்த விழா நடக்கும். மாதக்கணக்கில் ஊர்க்காரர்களே சேர்ந்து செய்த ஒரு கப்பலைத் தீப்பந்தங்களோடு ஊர்வலமாக இழுத்துவந்து எரிப்பார்கள். மறுநாள் ஊருக்கே விடுமுறை. அந்த ஊர்வலக் குழுக்களில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 2023இல்தான். காத்தலோனியாவில் 1980களில் பெண்கள் கோபுரக் குழுக்களில் சேரத் தொடங்கினார்கள். அதற்கப்புறம்தான் கோபுரங்கள் இன்னும் உயர்ந்தன. 1998இல் பத்து அடுக்குவரை போனது. கதவைத் திறந்தால் விழா நீர்த்துப்போகும் என்று யாராவது உங்களிடம் வாதாடினால் இதைச் சொல்லுங்கள்.

நம்பிக்கை வேறாக இருப்பவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பண்டிகை ஒரு மதத்தினுடையதாக இருந்தால், அதன் வழிபாட்டையும் ஊர்க் கொண்டாட்டத்தையும் நேரத்தாலோ இடத்தாலோ பிரித்துவையுங்கள். முன்னதில் கலந்துகொள்ள முடியாதவர்கள் பின்னதற்குச் சங்கடமில்லாமல் வரலாம். அந்த வருடம் துக்கம் நடந்த வீடுகளுக்குக் கடிதமோ செய்தியோ போதாது. ஒருவர் நேரில் போய், வரச் சொல்லி வற்புறுத்தாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். எங்கள் குழுவில் இதற்கும் நோட்டில் ஒரு வரி உண்டு, எதிரே ஒரு பெயரும் உண்டு.

ஐந்தாம் படி: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நுணுக்கம் ஒன்றும் இல்லை, கண்டிப்பு மட்டும்தான் வேண்டும். எவ்வளவு சின்னத் தொகையானாலும் ரசீது கொடுங்கள். பணத்தை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை வேறொருவர் எழுதட்டும். செலவுக்கு இருவர் கையெழுத்து. நன்கொடைப் பட்டியலைத் தொகையோடு ஒலிபெருக்கியில் படிக்காதீர்கள். குறைவாகக் கொடுத்தவர் அடுத்த வருடம் கதவைத் திறக்க மாட்டார். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மீதி மூன்றையும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். முதல் வருடம் கடன் வாங்கி விழா எடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: அனுமதி, பாதுகாப்பு

ஊர்வலம், ஒலிபெருக்கி, சாலையை மறிப்பது, பட்டாசு, தற்காலிக மின் இணைப்பு, இவை எல்லாவற்றுக்கும் உங்கள் ஊரில் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே விசாரியுங்கள். எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைச் சம்மதம் அதிகாரி மாறினால் போய்விடும்.

நெரிசல் பெரிய நகரத்து விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் ஒரு இசை விழாவில் 21 பேர் நெரிசலில் இறந்தார்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒரே சுரங்கப்பாதை, ஒரே சரிவுப்பாதை வழியாக வர வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாசல் உள்ள மைதானம் சின்ன ஊர்களிலும் இருக்கிறது. வாசல் இரண்டு இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இடத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு சாக்பீஸ் கொண்டுபோய், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் தரையில் கட்டம் போட்டு, குழுவில் ஐந்து பேரை அதற்குள் நிற்கச் சொல்லுங்கள். உடம்போடு உடம்பு உரசும். கூட்டம் எங்கேயும் அந்த நெருக்கத்துக்குப் போகக் கூடாது. இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். கட்டத்தில் நின்றவர்கள் மறப்பதில்லை.

முதலுதவிப் பெட்டி, மணல் வாளி, ஜெனரேட்டருக்கும் வயர்களுக்கும் பக்கத்தில் ஒரு காவல் ஆள், ஆம்புலன்ஸ் வந்தால் நுழைய ஒழிந்த பாதை. மழை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து அறிவித்துவிடுங்கள்.

விழா நாள்

சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், இருபது பேர்தான் வந்திருந்தாலும். பேச்சுகளை மூன்று நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். யார் பேசினாலும் இதே அளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. பொறுப்பாளரான உங்களுக்கு அன்று எந்த வேலையும் எழுதிக்கொள்ளாதீர்கள். தனியாக நிற்பவர் யார் என்று பார்த்து, பக்கத்தில் போய்ப் பேசி, இன்னொருவரிடம் அறிமுகப்படுத்திவிட்டு நகருங்கள். மாலை முழுக்க அதுவே சரியாக இருக்கும்.

கடைசிப் படி: பிரித்துப்போடுவதும் கைமாற்றுவதும்

கூட்டம் கலைந்தபிறகு விளக்குகளை அவிழ்த்து, நாற்காலிகளை அடுக்கி, குப்பையைப் பொறுக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கூலிக்கு விட்டுவிடாதீர்கள். களைப்பில் ஆட்கள் மனசுவிட்டுப் பேசுவது அப்போதுதான். ஒரு பாட்டை ஓடவிடுங்கள், குடிக்கச் சூடாக ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள்.

அப்புறம், ஒரு வாரத்துக்குள் வேலை செய்த எல்லோரையும் கூப்பிட்டு உட்காருங்கள். எது சரியாக வரவில்லை என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்திலேயே அடுத்த வருடப் பொறுப்பாளரைத் தீர்மானித்துவிடுங்கள். லெர்விக்கில் ஒருவர் விழாத் தலைவராகும் முன் ஏறக்குறைய 15 வருடம் குழுவில் இருக்கிறார்; வருடத்துக்கு ஒருவரைப் புதிதாகத் தேர்ந்தெடுத்து வரிசையில் நிறுத்துகிறார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற சிறு நகரம் 1785 முதல் ஜூலை 4 சுதந்திர தினத்தைக் கொண்டாடிவருகிறது. எத்தனை கை மாறி வந்திருக்கும் அந்த வேலை! ஒரே ஆள் சுமக்கிற விழா அந்த ஆளோடு முடிந்துபோகும்.

நோட்டைப் புதியவரிடம் கொடுத்துவிடுங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அசல் அவரிடம் இருக்க வேண்டும். பெயர்கள், தொலைபேசி எண்கள், எந்த வீட்டு ஏணி, எந்தக் கம்பத்தில் மின் கசிவு, யாருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த வருடம் மூன்று மாதம் முன்னதாக அவர் அந்த நோட்டோடு உங்கள் வாசலுக்கு வந்து, உங்களுக்கு என்ன வேலை நன்றாக வரும் என்று கேட்பார். நாற்காலி போடுகிறேன் என்று சொல்லுங்கள்.